எண்ணெய்க்காப்பு

மூன்றாவது கரண்டிக் கஞ்சி உள்ளே இறங்கவில்லை. தவராசாவின் கடைவாயால் வழிந்து, நாடியில் சற்று நின்று, கழுத்து மடிப்புக்குள் போனது. சிவரூபி துவாயால் ஒற்றியெடுத்துவிட்டு அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். கொஞ்ச நாட்களாகத் தன் புருசனின் மூச்சு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. நிற்கும், யோசிக்கும், பிறகு ஒரு இழுவையாக இழுக்கும். கட்டிலோரத்தில் ஒக்சிசன் மெசின் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. மடியில் வைத்திருந்த கோப்பையின் சூடு மெல்ல மெல்ல ஆறி, ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் அவள் அதைத் தரையில் வைத்தாள்.

காலை ஆறரை. இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி தொடங்கிவிட்டது. எண்ணெய்க்காப்புச் சாத்த வருகிற அடியார்கள் தோய்ந்து, ஈரம் உலர்ந்த உடுப்போடு, வடக்கு வாசலால் வரிசையில் வரும்படி ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது.

நாளைக்குக் கும்பாபிஷேகம். கோயிலில் இருக்கிற மூர்த்திகளை ஊர்ச்சனம் தன் கையால் எண்ணெய் பூசித் தொடலாம் என்றால் அது இந்த ஒரு நாள்தான். நாளைக்குக் கும்பம் சொரிந்த பிறகு ஐயர்மாரைத் தவிர வேறொருவரும் தொடமுடியாது. அடுத்த கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு வருசம் இருக்க வேண்டும்.

முந்தாநாள் தவராசா இதைத்தான் பேசினார். பேசியது என்பதும் பெரிய சொல். ஒரு மூச்சுக்கு மூன்று சொல்லுக்கு மேல் அவரால் ஏலாது.

"தெற்குச் சுவரிலை... மாடத்துப் பிள்ளையார்..." என்று சொல்லி நிறுத்தினார். "பிள்ளையை அனுப்பு. துதிக்கைக்குக் கீழை... சின்னச் சுழி ஒண்டு இருக்கு. அதுக்கை எண்ணெய் போகாது. விரலை விட்டு... வைக்கச் சொல்லு."

"நீங்களே வாங்கோவன். உங்கடை தம்பி மோட்டார் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போவான்" என்றாள் சிவரூபி. அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க அரை மணித்தியாலம் போனது.

அவர் கல்லு வேலைக்கு வந்தது பிந்தித்தான். அதற்குமுன் கிணறு வெட்டுகிறவர். கனகராயன்குளத்திலிருந்து நெடுங்கேணி வரைக்கும் பாறை கண்ட கிணறென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கோயிலைக் கருங்கல்லாலேயே கட்டுவதென்று வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப்பிள்ளைகள் முடிவெடுத்து, இந்தியாவிலிருந்து ஸ்தபதியும் ஆட்களும் வந்திறங்கியபோது, கல்லுத் தூக்கவும் கிறைண்டர் பிடிக்கவும் உள்ளூரில் ஆள் எடுத்தார்கள். தவராசாவும் தம்பி தயாபரனும் போனார்கள். ஒரு கல்லைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, எந்த இடத்தில் அது பிளக்கும் என்று தவராசா சொன்னதை ஸ்தபதி இரண்டு மூன்று தரம் கவனித்தார். இரண்டாம் வருசம் உளியைக் கையில் கொடுத்தார். ஐந்தாம் வருசம், தெற்குச் சுவர் மாடத்துப் பிள்ளையாரை முழுக்க நீரே செய்யும் என்றார். ஐந்து மாதம் எடுத்தது. கோயில் முழுவதிலும் அவர் ஒருவரே தொடங்கி ஒருவரே முடித்தது அந்த ஒன்றுதான்.

மற்றதெல்லாம் தூசி. தண்ணீர் ஊற்றி அரிந்தால் தூசி எழும்பாது. ஆனால் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் கல்லில் வெள்ளைக் கறை விட்டது. ஈரத்தில் வேலையும் இழுபட்டது. வெளிநாட்டுச் சனம் ஆவணி லீவுக்கு வந்துபோகிறதுக்குள் முடிக்கவேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். கிறைண்டரைக் காய்ந்த கல்லிலேயே பிடித்தார்கள். முகத்தில் ஒரு சாரத் துண்டைக் கட்டிக்கொண்டு, பின்னேரம் வீட்டுக்கு வரும்போது இமை மயிர் வரைக்கும் வெள்ளையாய் வருவார். முதலில் காட்டிய இடத்தில் கசம், காசநோய் என்று ஆறு மாதம் குளிசை கொடுத்தார்கள். பிறகு வேறோர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், "இது கல்லுத் தூசி அம்மா. நெஞ்சுக்குள்ளை படிஞ்சிட்டுது. இனிக் கழுவி எடுக்கேலாது" என்றார். அவர் வயதில் சின்னப்பிள்ளை. சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

"அம்மா, நல்லெண்ணெய்ப் போத்தல் எங்கை?"

அடுத்த அறையிலிருந்து மகள் மேனுகாவின் குரல். சிவரூபி போர்வையை இழுத்துத் தவராசாவின் கழுத்துவரை மூடினாள். மூக்கில் இருந்த குழாயைக் கழற்றப் போன கையைத் திருப்பி எடுத்தாள்.

செத்தவீடு என்றால் துடக்கு, தீட்டு. முப்பத்தொரு நாள் மேனுகா கோயில் வாசலை மிதிக்க முடியாது. ஊரில் பிரேதம் கிடக்கிறதென்றால் கோயிலிலும் எல்லாம் நின்றுவிடும். சிவரூபிக்கு இது ஒன்றும் புதிதாக யோசித்துத் தெரியவேண்டியதில்லை. அவர் போய்விட்டார் என்று வாயைத் திறந்தால் போதும். திறந்தால் எல்லாம் முடிந்தது.

"குசினி அலுமாரிக்கு மேலை" என்றாள்.

மேனுகா வாசலில் வந்து நின்றாள். தலை தோய்ந்து, நுனியில் முடிச்சுப் போட்டு, பச்சைப் பாவாடை தாவணி கட்டியிருந்தாள். இருபது வயது. மெசின் இரைந்தது. "அப்பா நித்திரையோ?"

"ஓம். விடிய விடிய இருமினவர். இப்பத்தான் கண்ணயர்ந்தவர். எழுப்பாதை."

"சொல்லிப்போட்டுப் போவமெண்டு பாத்தன்."

"வந்து சொல்லு. லைன் நீண்டிடும், கெதியாப் போ. தெற்குச் சுவர். சுழி, மறந்திடாதை."

"தெரியும் அம்மா" என்று சொல்லி மேனுகா வாசலில் நின்றே ஒரு கணம் கட்டிலைப் பார்த்தாள். பிறகு படலை சாத்தப்படும் சத்தம் கேட்டது.

சிவரூபி எழுந்து கதவைச் சாத்தினாள். உடம்பு விறைக்க முன்னம் செய்யவேண்டியவற்றைச் செய்தாள். துவாயைக் கிழித்து நாடியைக் கட்டினாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். கண்ணை மூடிவிட்டாள். எல்லாவற்றின் மேலும் போர்வையை இழுத்துவிட்டு, நாடிக்கட்டுத் தெரியாமல் ஒரு சால்வையைத் தலையைச் சுற்றிப் போட்டாள். மெசினை நிறுத்தவில்லை.

பிழை என்று அவளுக்குத் தெரியும். அம்மாளாச்சி, பிழை என்ரை, பிள்ளையிலை போட்டிடாதை என்று இரண்டு தரம் வாய்க்குள் சொன்னாள். பிறகு கதிரையில் இருந்தாள். அழுகை வந்தது. அதை விழுங்கினாள். பிரேதத்துக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் இருப்பது அவளுக்கு முன்னமே ஒருக்கா நடந்ததுதான். கடைசிச் சண்டையில், மூத்தவன் பிரதாபனை மடியில் வைத்துக்கொண்டு பங்கருக்குள் ஒரு பகல் முழுவதும் இருந்தாள். அவனுக்கு ஏழு வயது. பக்கத்தில் இருந்த சனம் பயந்துவிடும் என்று தவராசா அவள் வாயைப் பொத்தினார். அந்தக் கையைத்தான் இப்போது அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை காய்ப்புப் பிடித்து மரம்போல இருந்தது. அது உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது.

ஒன்பது மணிக்குத் தயாபரன் வந்தான். அண்ணனைவிட எட்டு வயது இளையவன். இன்றைக்கும் கோயிலில் வாசற்படிக் கல் ஒன்று சரிக்கட்ட இருந்தது. உள்ளே வராமல் வாசலில் நின்று தரையைப் பார்த்தான்.

"அண்ணி, மாஸ்டர் அனுப்பினவர்."

மாஸ்டர் என்றால் குணநாயகம் மாஸ்டர். கோயில் சபைச் செயலாளர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வெடுத்தவர்.

"என்னவாம்?"

"அண்ணைக்கு எப்பிடியெண்டு கேட்டிட்டு வரட்டாம். நாளைக்கு மத்தியானம் மட்டும்... தாங்குமோ எண்டு."

தயாபரன் நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தான். மெசின் இரைந்தது. போர்வை அசையவில்லை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். எவ்வளவு நேரம் பார்த்தால் தெரியுமோ அவ்வளவு நேரம் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குந்தினான்.

"பிள்ளை எங்கை?"

"லைனிலை."

அவன் தலையை ஆட்டினான். கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. முழங்கையால் துடைத்தான்.

"லைன் பெரிசு அண்ணி. தேரடி தாண்டி நிக்குது. பன்னிரண்டு ஆகும்."

"ஆகட்டும்."

"நான் போய் நித்திரை எண்டு சொல்லுறன்" என்று அவன் எழுந்தான். வாசலில் செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் போனான்.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. வெயில் கூரைத் தகரத்தில் ஏறியது. இலையான் ஒன்று வந்து அவர் முகத்தைச் சுற்றிப் பறந்தது. அவள் ஒரு கொப்பி மட்டையால் விசுக்கியபடி இருந்தாள். ஒலிபெருக்கியில் ஆட்களின் பெயரைச் சொல்லி உபயங்களுக்கு நன்றி சொன்னார்கள்: ரொறொன்ரோ, பாரிஸ், சூரிச். இந்நேரம் மேனுகா மண்டபத்துக்குள் ஏறியிருப்பாள் என்று நினைத்தாள். மூலஸ்தானத்துக்கு முதலில் விடுவார்கள். பிறகு வலமாகச் சுற்றி, தெற்குச் சுவர்.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் நின்றது. கோயிலுக்கு இழுத்திருந்த வெளிச்சங்களைத் தாங்காமல் லைன் அறுந்ததோ, என்ன இழவோ. மெசின் ஒரு விக்கல் விக்கி நின்றது. நின்றதும் அது கத்தத் தொடங்கியது. கரண்ட் இல்லாவிட்டால் ஆளை எழுப்ப அதற்குள் ஒரு மணி வைத்திருந்தார்கள். சிவரூபி பாய்ந்து பொத்தானைத் தேடினாள். மேலே, பக்கத்தில், பின்னால். அதை நிறுத்தத் தெரிந்தவள் மேனுகாதான். போர்வையொன்றை எடுத்து மெசினின் மேல் போட்டு அமத்திக்கொண்டு குந்தினாள். அது உள்ளே இருந்து கத்தியது.

"ரூபியக்கா! கரண்ட் போட்டுது, அண்ணைக்கு மெசின்..."

அடுத்த வளவுச் சாரங்கா. வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடி வந்தாள். "நான் ஓட்டோவுக்கு அடிச்சிட்டன், இந்தா வாறான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுவம்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி, தவராசாவைத் தூக்கத் தோளில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்தாள். சால்வை நழுவி நாடிக்கட்டுத் தெரிந்தது.

சாரங்கா கட்டிலையும் பார்த்தாள். மெசினை அமத்திக்கொண்டு குந்தியிருந்த சிவரூபியையும் பார்த்தாள்.

"எப்ப அக்கா?"

"இப்பத்தான்."

"விறைச்சுக் கிடக்குது."

"ஒரு மணித்தியாலம் பொறு, சாரங்கா. உன்ரை காலிலை விழுறன். பிள்ளை வந்திடுவாள்."

சாரங்கா வாயில் கையை வைத்தாள். பொறுத்திருக்கவும் கூடும். ஆனால் அதற்குள் ஓட்டோக்காரன் முற்றத்துக்கு வந்து, கதவடியில் நின்று, எட்டிப் பார்த்துவிட்டான். அவன் வந்த வேகத்தைவிடக் கெதியாய்த் திரும்பிப் போனான். மெசின் தானாகவே கத்தி ஓய்ந்தது. சிவரூபி கோயில் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். அங்கே ஜெனரேற்றர் இருந்தது, நாதஸ்வரம் நிற்கவில்லை. ஐந்து நிமிசம், ஏழு நிமிசம். பிறகு பாதிப் பாட்டில் நின்றது.

அப்போதுதான் அவள் சத்தமாக அழுதாள்.

மேனுகாவை யாரோ இரண்டு பெண்கள் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவள் கட்டிலடிக்குப் போகவில்லை. அறை வாசலில், காலையில் நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"மூண்டு பேர் எனக்கு முன்னாலை" என்றாள். "பிள்ளையாரைக் கண்டனான். கை எட்டேல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, போத்தலை வாங்கி வச்சிட்டினம்."

சிவரூபி அவளைக் கட்டிப் பிடிக்க எழுந்தாள். மேனுகா ஒரு அடி பின்னால் வைத்தாள். நாடிக்கட்டைப் பார்த்தாள். கால்விரல் கட்டைப் பார்த்தாள்.

"நான் போகேக்கையே அப்பா..."

சிவரூபி நழுவிக் கிடந்த சால்வையை எடுத்து மடித்தாள்.

"சொல்லியிருந்தா அப்பாக்குப் பக்கத்திலை இருந்திருப்பன் அம்மா. வெயிலுக்கை அஞ்சு மணித்தியாலம்... லைனிலை நிண்டு ஃபோனிலை பாட்டுக் கேட்டுக்கொண்டு நிண்டனான்."



குணநாயகம் மாஸ்டர் பன்னிரண்டு மணிக்கு முன் வந்துவிட்டார். படலைக்கு உள்ளே வரவில்லை. கையில் கும்பாபிஷேகக் காப்புக் கட்டியிருந்தபடியால் செத்தவீட்டுக்குள் வரமுடியாது. தயாபரனோடு வேலியோரத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அழுதிருந்தார் என்பது தெரிந்தது. தவராசா மேல் அவருக்கு உண்மையாகவே பட்சம் இருந்தது.

"நீ காலமை வந்து பாத்தனி தானே, தயாபரன்?"

"ஓம் மாஸ்டர். நித்திரையாக் கிடந்தவர்."

மாஸ்டர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிவரூபி பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, சனம் வந்து வெயிலுக்கை நிக்குது. யாகம் பாதியிலை நிக்குது. பிரேதம் எடுத்தாப் பிறகுதான் ஐயர் பிராயச்சித்தம் செய்து தொடங்குவார். ரெண்டு மணிக்கு முன்னம் எடுத்தா, நாலு மணிக்கு எண்ணெய்க்காப்பைத் திரும்பத் தொடங்கலாம். பெட்டி, மற்றது எல்லாம் சபை பாக்கும்."

"பறை?" என்று கேட்டான் தயாபரன்.

"பறை வேண்டாம். வாய்க்கால் றோட்டாலை கொண்டு போங்கோ." குரலைத் தாழ்த்தினார். "சத்தத்தையும் கொஞ்சம்..." என்று தொடங்கி அதை முடிக்கவில்லை. "தவராசா இருந்தா, அவரே இதைத்தான் சொல்லியிருப்பார் தங்கச்சி."

சிவரூபி தலையை ஆட்டினாள். அது உண்மை. அவர் இருந்திருந்தால், கோயில் வேலை நிற்கக்கூடாது, கெதியா எடுங்கோ என்று அவரே சொல்லியிருப்பார். மாஸ்டரை வையவும் அவளுக்கு வழி இருக்கவில்லை.

பெட்டி நெடுங்கேணியிலிருந்து பன்னிரண்டரைக்கு வந்தது. முற்றத்தில் நான்கு தடி நட்டு ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டினார்கள். கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளிக் குளிப்பாட்டினார்கள். கழுவியபோது காது மடிப்புகளுக்குள் இன்னும் வெள்ளையாய் ஏதோ இருந்தது. சிவரூபி விரலால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. பொற்சுண்ணம் பாடி உரலில் மஞ்சள் இடிக்க நேரமில்லை என்று கிரியை செய்ய வந்தவர் உரலைத் தொட்டுக் கும்பிட்டதோடு விட்டார். வாய்க்கரிசி போட வரவேண்டிய சனத்தில் பாதிப்பேர் வரவில்லை. காப்புக் கட்டின வீடுகளால் வர முடியாது. வந்தவர்கள் மெல்லிய குரலில் அழுதார்கள், பக்கத்தில் நித்திரை கொள்கிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. மேனுகா அரிசியைப் போட்டுவிட்டுத் தகப்பனின் நெற்றியில் கையை வைத்தாள். எடுக்கச் சொல்லும்வரை எடுக்கவில்லை.

மகன் இல்லாதபடியால் தயாபரன்தான் கொள்ளி வைக்கிறவன். அவனுக்கு மழித்து, வேட்டி கட்டிவிட்டு, கொள்ளிக் குடத்தைத் தோளில் வைத்தார்கள். பெட்டியை எட்டுப் பேர் தூக்கினார்கள். ஒன்றே முக்காலுக்குப் படலையைக் கடந்தது. ஒழுங்கை முடிவில் வலக்கைப் பக்கம் திரும்பினால் கோயில். அவர்கள் இடக்கைப் பக்கம் திரும்பினார்கள். பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். வாய்க்கால் கரையில் எழும்பின புழுதி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

சிவரூபி வீட்டைக் கழுவினாள். கட்டில் விரிப்பை எடுத்து வெளியே போட்டாள். மேனுகா சுவரோடு சாய்ந்து இருந்தாள். சாரங்கா வேலிக்கு மேலால் நீட்டிய தேத்தண்ணியை வாங்கித் தாயின் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் கோப்பையோடு மறுபடி சுவருக்கே போய்விட்டாள்.

சரியாக நான்கு மணிக்கு ஒலிபெருக்கி தொடங்கியது. வடக்கு வாசலால் வரிசையில் வரும்படி அதே குரல் சொன்னது.

சுடலைக்குப் போனவர்கள் ஐந்து மணிபோலத் திரும்பினார்கள். ஒவ்வொருவராகத் தத்தமது வீட்டுக்குத் தோயப் போய்விட, தயாபரன் மட்டும் இங்கே வந்தான். வீட்டுக்குள் வராமல் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். மழித்த தலை வெயிலில் கன்றிப் போயிருந்தது.

சிவரூபி குசினிக்குள் இருந்தாள். கப்பி சுழலும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. வாளி மேலே வந்து தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்காக அவள் தன்னை அறியாமல் காத்திருந்தாள். அது வரவில்லை. எழும்பிக் குசினி வாசலுக்கு வந்து பார்த்தாள்.

தயாபரன் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கப்பிக் கட்டையில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றான். வாளி கிணற்றுக்குள் பாதி வழியில் தொங்கியது. திறந்த வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எழும்பி விழுந்தன. அவனுக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு கிழமைக்கு முன்னம் வாசற்படிக் கல்லை மூன்று பேரோடு சேர்ந்து தூக்கியவன்.

அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"கை வழுக்குது அண்ணி."

சிவரூபி பக்கத்தில் போனாள். அவன் கைக்கு மேலே கயிற்றைப் பிடித்தாள். அவன் தன் கையிலிருந்த சுற்றைக் கழற்றி விட்டுவிட்டு, துவைக்கிற கல்லில் குந்தினான். அவள் வாளியை இழுத்தெடுத்து அவன் தலையில் ஊற்றினாள். சாம்பலும் வியர்வையும் கலந்து முதுகால் ஓடியது. அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஊத்தவோ?"

தலையை ஆட்டினான். மேனுகாவும் குசினி வாசலுக்கு வந்து நின்றாள்.

ஆவணி மாதம். தண்ணீர் அடியில் கிடந்தது. சிவரூபி வாளியை மறுபடியும் இறக்கினாள். கயிறு கைக்குள்ளால் போய்க்கொண்டே இருந்தது.